மீதிக் கொட்டை

இந்தப் பக்கம் ஒக்காரு தாயி, அந்த சீட்டுல வெயில் அடிக்கும். பிளாஸ்க்க எங்கிட்டக் குடு, மடியில வச்சுக்கிறேன். பெரியாஸ்பத்திரிக்குத்தான போற? நானும் அங்கதான். யாருக்கு முடியல, ஒங்கப்பாவுக்கா? சரியாப் போயிரும் தாயி, மொகத்த இப்பிடி வச்சுக்கிராத. எனக்கு யாருன்னு கேட்டா என்னத்தச் சொல்ல? சொந்தமில்ல. பக்கத்துக் கடை.

பக்கத்துக் கடைன்னா ஒனக்குப் புரியாது, நீ ஆபீசுக்குப் போற புள்ள. எம்பேரு வேலுத்தாயி. டவுன் காய்கறி மார்க்கெட்டுல இருவத்திரெண்டு வருசமா இஞ்சி, பச்சமொளகா, எலுமிச்சம்பழம் விக்கிறேன். எனக்கு எடது கைப்பக்கம் சீனியக்கா, கீரை. எங்க மார்க்கெட்டுல ஒரு பழக்கம் உண்டு. ஒண்ணுக்குப் போகணும், புள்ளைக்குக் காய்ச்சல்னு ஓடணும்னா, பக்கத்துக் கடையப் பாத்து "பாத்துக்க"ன்னு ஒரு வார்த்தை. அம்புட்டுதான். இடுப்புல இருக்குற சுருக்குப்பைய அவுத்து அவுக மடியில போட்டுட்டுப் போயிரலாம். அவுக நம்ம சரக்க நம்ம வெலைக்கு விக்கணும். கூடவும் சொல்லக் கூடாது, கொறச்சும் குடுக்கக் கூடாது. நம்ம வெலை அவுகளுக்குப் பிடிக்காட்டியும் நம்ம வெலைதான். கட்டுன புருசங்கிட்டக் கூட நான் அந்தப் பையக் குடுத்ததில்ல. சீனியக்காகிட்ட ஒரு நாளைக்கு மூணு தடவ குடுப்பேன்.

இப்ப அந்த அக்காதான் எலும்பு வார்டுல கெடக்கு. வலது தோளு முறிஞ்சு போச்சு. தகடு வச்சிருக்காக. கீரைக்கட்டு கட்டுற கை தாயி அது. அந்தக் கைய எப்ப தூக்கும்னு டாக்டரும் சொல்ல மாட்டேங்குறாரு.

என்ன ஆச்சுன்னா கேக்குற? ஓட்டுப் போட்டோம். அதான் ஆச்சு.

சிரிக்காத. பைபாஸ் ரோட்டுல புது மார்க்கெட் கட்டி வச்சிருக்காகல்ல, பஸ்ல போறப்ப பாத்திருப்ப, மஞ்சக் கட்டடம். அங்க எல்லாரும் போறமா, இங்கயே இருக்கமா. இதுதான் கேள்வி. ஒரு வருசமா இதே பேச்சு. வெங்காய மண்டி சவுந்திரபாண்டியண்ணன்தான் எங்க சங்கத்துத் தலைவரு. அவரு போகணும்னாரு. லாரி நிக்க எடமிருக்கு, மழைக்கு ஒழுகாதுன்னாரு. தேங்காக்கடை ரத்தினம் போகக் கூடாதுன்னாரு. நாலு மைல் தள்ளி வந்து எவன் தேங்கா வாங்குவான்னாரு. ரெண்டு பேரு சொல்றதும் நெசந்தான். கடேசியில ஓட்டு வச்சிருவோம், எது கூட வருதோ அதுக்குக் கட்டுப்படுவோம்னு சத்தியம் பண்ணாக. கோயில் வாசல்ல சூடம் கொளுத்திப் பண்ணாக.

பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. அதனால சீட்டு வேணாம், கொட்டை போடுவோம்னு ஆச்சு. ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை, ஒரு மொச்சக்கொட்டை. போகலாம்னா புளியங்கொட்டை, வேணாம்னா மொச்சை. சாக்கு கட்டி மறச்சு உள்ள ஒரு குடம் வச்சிருந்தாக. போயி ஒரு கொட்டையப் போட்டுட்டு வந்துரணும். நல்ல ஏற்பாடுதான். மீதிக் கொட்டைய என்ன செய்யணும்னு மட்டும் ஒருத்தரும் சொல்லல.

யாவாரத்துல கெடந்தவளுக்கு ஒத்தக் கொட்டையக் கீழ போட மனசு வருமா? அம்புட்டுப் பேரும் மீதியக் கொண்டாந்து சுருக்குப்பையில போட்டுக்கிட்டாக. மறுநாள் சில்லறைக்குப் பையக் கவுத்தா, எவ எதப் போட்டான்னு தெரிஞ்சு போச்சு. மொச்சை மீதியிருந்தா புளியங்கொட்டையப் போட்டிருக்கா, போகலாம்னு சொல்லியிருக்கா. புளியங்கொட்டை மீதியிருந்தா வேணாம்னு சொல்லியிருக்கா. நாலு நாள் மார்க்கெட்டே சண்டை. அண்ணந்தம்பி பேசிக்கிறதில்ல. தக்காளிக்காரிக ரெண்டு பேரு முடியப் பிடிச்சுக்கிட்டாக.

சீனியக்கா வேணாம்னு போட்டுச்சு. எல்லாருக்கும் தெரியும், அது ஒளிக்கல. கம்மாக்கரைத் தோட்டத்துல பறிச்சு தலையில தூக்கிட்டு வர்ற கீரை. பைபாசுக்கு நடந்தா வாடிப் போகும். அது வேற எதப் போடும்?

நானும் அதுகிட்ட வேணாம்னுதான் சொன்னேன். ஆனாப் போட்டது புளியங்கொட்டை.

இரு, அப்பிடிப் பாக்காத. காரணம் இருக்கு. எங்க மார்க்கெட்டுல பொம்பளைகளுக்குக் கக்கூசு கெடையாது. பஸ் ஸ்டாண்டுக்குப் போகணும். எத்தன மனு குடுத்தோம். வேணாம்தான் செயிக்கும்னு எனக்கு நிச்சயமாத் தெரியும். அப்ப போகலாமும் நெறைய விழுந்திருந்தாத்தான அந்த முனிசிபாலிட்டி ஆபீசருக்குப் பயம் வரும், சனம் போயிரும்போல, வாடகையும் போயிரும்போல, கக்கூசக் கட்டுவோம்னு நெனப்பாரு? மெரட்டத்தான் போட்டேன். போறதுக்குப் போடல.

எண்ணுனா எரநூத்தியெட்டுக்கு எரநூத்தியஞ்சு. போகலாம் செயிச்சுப் போச்சு.

மூணு ஓட்டு. நான் ஒருத்தி மாத்திப் போட்டிருந்தாலும் எரநூத்தியேழுக்கு எரநூத்தியாறுதான். அப்பவும் இதேதான். அதனால எம்மேல ஒண்ணும் இல்ல. என்னைய மாதிரியே நெனச்சுப் போட்டவ இன்னொருத்தி இருந்திருந்தா கணக்கு வேறதான். அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? அவளப் போயிக் கேளு.

சரி, செயிச்சாச்சு, போகணும்ல? போகல. ரத்தினம் எந்திரிச்சு, மூணு கொட்டையில மார்க்கெட்டு நகந்துருமான்னாரு. சூடம் கொளுத்துனப்ப முன்னாடி நின்ன ஆளு அவருதான். தலைவரு, ஓட்டுன்னா ஓட்டுதான், போயே தீரணும்னாரு. எப்பிடிப் போறதுன்னு கேட்டா அவருக்கும் தெரியல. அங்க யாருக்கு எந்தக் கடை? வாசப்பக்கம் யாரு, பின்னாடி யாரு? வெள்ளிக்கெழமதோறும் கூட்டம். குலுக்கிப் போடுவோம்னு ஒரு வாரம், கை தூக்கச் சொன்னாக, தோத்துச்சு. மொத்தக்கடை மட்டும் போகட்டும், சில்லறை இங்க இருக்கட்டும்னு மறு வாரம், தோத்துச்சு. பஸ் விட்டாப் போவோம், தோத்துச்சு. வேணாம்னவுக எதுக்குமே கை தூக்க மாட்டாக. போகலாம்னவுக அவுகவுகளுக்கு வேண்டியதுக்கு மட்டும் தூக்குவாக. போகாம இருப்போம்னு ஒரு வாரம் கேட்டாக, அதுவுந்தான் தோத்துச்சு. ரெண்டு பக்கத்தையும் விட்டா டீக்கடைக்காரன் மட்டுந்தான் சந்தோசமா இருந்தான்.

ஒரு வாரம் நல்ல யோசனை ஒண்ணு வந்துச்சு. இப்ப எப்பிடி வரிசையா ஒக்காந்திருக்கமோ அதே வரிசையில அங்கயும் ஒக்காந்துக்கிருவோம்னு. பக்கத்துக் கடை மாறாது. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு தாயி, பொய் சொல்லல. அஞ்சு கையில தோத்துப் போச்சு.

நான் தூக்கல. எப்பிடித் தூக்குவேன்? பக்கத்துல சீனியக்கா ஒக்காந்திருக்கு. அதுகிட்ட நான் வேணாம்கிற கட்சி. கைய மடியில வச்சு அமுத்திக்கிட்டு ஒக்காந்திருந்தேன். அஞ்சு கைன்னா நான் ஒரு கை, அம்புட்டுதான். சும்மா எல்லாத்தையும் என் தலையிலயே கட்டாத.

இதுக்கு நடுவுல பழைய மார்க்கெட்டக் கவனிக்க ஆளில்ல. வடக்கு மூலையில கூரைத் தகரம் துருப்பிடிச்சு, அதத் தாங்குற மரச்சட்டம் உளுத்து, சொட்டுச் சொட்டுன்னு ஒழுகும். தலைவரு, போறதுன்னு முடிவாயிருச்சு, இதுக்கு எதுக்கு ஆணி அடிக்கணும்னாரு. ரத்தினம், இதச் சரி பண்ணாம விட்டு எங்கள வெரட்டப் பாக்குறீகளான்னு கத்துனாரு. கத்துனாரே தவிர அவரும் ஆணி அடிக்கல. அடிச்சா அவருதான் செலவழிக்கணும்ல. முனிசிபாலிட்டியில கேட்டா, போறீங்களா இருக்கீங்களான்னு எழுதிக் குடுங்க, அப்புறம் பாப்போம்னுட்டாக. அந்த மூலையில ஒருத்தரும் ஒக்கார மாட்டாக. நாய் கூடப் படுக்காது.

எம் மொச்சக்கொட்டையா? அது எங்கிட்டயே இருந்துச்சு. வெளிப்பையில இருந்தா மாட்டிக்கிருவேன்னு தெரிஞ்சு முத நாளே உள்பையில, விபூதிப் பொட்டலத்துக்குக் கீழ சொருகி வச்சேன். வீட்டுல போயித் தூரப் போட்டிருக்கலாம். தெருவுல வீசியிருக்கலாம். ஏன் போடலன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. மறந்துட்டேன்னு வச்சுக்கயேன்.

பொரட்டாசி மாசம், ஒரு சனிக்கெழம. பஸ் ஸ்டாண்டுக்குப் போகணும்னு "பாத்துக்க அக்கா"ன்னு பைய அது மடியில போட்டுட்டுப் போனேன். ஒரு ஓட்டல்காரன் வந்து இஞ்சி வாங்கிட்டு ஐநூறு ரூவாத் தாள நீட்டியிருக்கான். சில்லறை பத்தல. உள்பையில தாளிருக்கும்னு சீனியக்கா கைய விட்டிருக்கு.

நான் திரும்பி வந்தப்ப அது கீரைய அள்ளிச் சாக்குல போட்டுக்கிட்டு இருந்துச்சு. என்னக்கா, அதுக்குள்ள வித்துப் போச்சான்னு கேட்டேன். என் பையக் குடுத்துச்சு. மொச்சக்கொட்டைய எடுத்து என் இஞ்சிக் குமியல் மேல வச்சுச்சு.

"நீ எதப் போட்டாலும் ஒன் இஷ்டம் வேலுத்தாயி. இம்புட்டு வெள்ளிக்கெழமையும் என் பக்கத்துல ஒக்காந்து என்னையக் கிறுக்கச்சி ஆக்கிட்டயே."

அம்புட்டுதான் சொன்னுச்சு. கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன், முடிஞ்சு போயிருக்கும். சாக்கத் தூக்கிட்டு நடந்துச்சு. மார்க்கெட்டுல வேற எடம் ஏது? வடக்கு மூலையிலதான் எடம். ஒழுகுற எடமாப் பாத்து ஒரு தார்ப்பாயக் கட்டிக்கிட்டு ஒக்காந்துச்சு.

போயிக் கூப்பிடலையான்னா? கூப்பிடல. நானும் ரோசக்காரிதான். தப்புப் பண்ணவ போயி நிக்கணும்னு இப்பத் தோணுது, அப்பத் தோணல. ரெண்டு நாள்ல தன்னால வரும்னு இருந்துட்டேன். எனக்கு வலது கைப்பக்கம் ஒரு கருவேப்பிலக்காரன் இருக்கான். அவங்கிட்டப் பையக் குடுக்க மனசு வரல. அதனால காலைல இருந்து பொழுது சாயுற வரைக்கும் எந்திரிக்காம ஒக்காந்திருந்தேன். தண்ணி குடிக்க மாட்டேன். ஒடம்பெல்லாம் எரிச்சல். அங்க அதுவும் அப்பிடித்தான் ஒக்காந்திருந்துச்சு, அதோட சுருக்குப்பைய வாங்கவும் அங்க ஆளில்ல.

ஐப்பசி மழை ஒனக்குத் தெரியுமே. காலைல ஒம்பது மணி, நல்ல யாவார நேரம். மடார்னு ஒரு சத்தம். தேங்கா மூடை சரிஞ்சிருச்சுன்னு நெனச்சேன். பெறகு பாத்தா வடக்கு மூலையில வானம் தெரியுது.

நான்தான் மொத ஆளா ஓடுனேன். என் கடையப் பாத்துக்கன்னு யாருகிட்டயும் சொல்லல, எலுமிச்சம்பழம் உருண்டு போனது கூட எனக்குத் தெரியாது. சட்டம் தோளு மேல கெடக்கு. சேறு, கீரை, தகரம். சீனியக்கா முழிச்சுப் பாத்துச்சு. என்னையப் பாத்துட்டு மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிருச்சு. அந்த வலியிலயும் திருப்பிக்கிருச்சு தாயி. அதத்தான் என்னால தாங்க முடியல.

பெறகு தலைவரும் ரத்தினமும் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு, ஒன்னாலதான் ஒன்னாலதான்னு கழுத்துப் பட்டையப் பிடிச்சுக்கிட்டாக. ரெண்டு பேரும் போட்டி போட்டுப் பழம் வாங்கிக் குடுத்தாக. மறு வாரமே, சரி, மறுபடி ஒரு ஓட்டு வைப்போம், ஒரே முடிவா முடிச்சுருவோம்னு பேசுனாக. ஆஸ்பத்திரியில கெடக்குறவுக ஓட்ட யாரு போடுறதுன்னு கேள்வி வந்துச்சு. பக்கத்துக் கடை போடட்டும்னு முடிவாச்சு. சீனியக்காவுக்குப் பக்கத்துக் கடை எது? வடக்கு மூலையில ஒண்ணும் கெடையாது. சங்க நோட்டுல இன்னும் எம்பேருதான் இருந்துச்சு.

நான் தெனமும் போயிக்கிட்டுதான் இருந்தேன். கஞ்சி கொண்டு போவேன். அதோட மக வாங்கி ஊட்டும். அக்கா செவுத்தப் பாத்துப் படுத்திருக்கும். முந்தாநாளு ஓட்டு விசயத்தச் சொன்னேன். செவுத்தப் பாத்துக்கிட்டே பேசுச்சு.

"போகலாம்னு போட்டுட்டு வா. அந்தக் கூரைக்குக் கீழ இனி நான் ஒக்கார மாட்டேன். என் வெலைக்கு விக்கணும் வேலுத்தாயி. ஒன் வெலைக்கு இல்ல."

ஒரு மாசத்துக்குப் பெறகு எம்பேரச் சொன்னுச்சு. நான் வராந்தாவுல வந்து அழுதேன். ஒரு நர்சம்மா என்னம்மா ஆச்சு, யாரும் தவறிட்டாகளான்னு கேட்டுச்சு. இல்ல தாயி, பேசிருச்சுன்னேன்.

இன்னிக்குக் காலைல ஓட்டு. எங்கையில ரெண்டு சோடிக் கொட்டை குடுத்தாக. சாக்கு மறப்புக்கு உள்ள போனேன். சீனியக்கா ஓட்ட மொதல்ல போட்டேன். புளியங்கொட்டை. அது சொன்ன மாதிரியே, அதோட வெலைக்கே. என் புள்ளைக மேல சத்தியம்.

என் ஓட்டா? வேணாம்னு போட்டேன். மொச்சை.

ஏன்னா என்ன ஏன்? அங்க போனாக் குலுக்கல்தான்னு தலைவரு அடிச்சுச் சொல்லிட்டாரு. அக்கா ஒரு மூலை, நான் ஒரு மூலைன்னு விழுந்தா? இங்கயே இருந்தா, கூரையச் சரி பண்ணா, கையும் சரியானா, அது திரும்ப என் எடது கைப்பக்கம் வந்து ஒக்காரும்ல? அதோட ஓட்டு அதோட இஷ்டம், என் ஓட்டு என் இஷ்டம். அதுலயும் தப்பா?

எரநூத்தியாறு. எரநூத்தியாறு. போன தடவைக்கு இந்தத் தடவ ஒரு ஆளு கொறவு, பூண்டுக்கடைப் பெரியவரு செத்துப் போனாரு. மூணு தடவ சாக்குல கொட்டி எண்ணுனாக. சமம். தலைவரு தலையில கை வச்சு ஒக்காந்துட்டாரு. அடுத்த வெள்ளிக்கெழம கூட்டமாம், மூணாவது ஓட்டு வைக்கலாமா வேணாமான்னு ஓட்டு வைக்க.

தெரியும் தாயி, நீ வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே தெரியும். என் ஓட்டும் போகலாம்னு விழுந்திருந்தா முடிஞ்சிருக்கும். அந்தக் கருவேப்பிலக்காரனும் அதத்தான் சொன்னான். நீயும் அவனும் ஒண்ணு.

இதுல எனக்குப் பயம் என்னன்னு கேளு. ஆஸ்பத்திரிக்கு இந்நேரம் சேதி போயிருக்கும். சமம்னதும் அக்கா என்ன நெனைக்கும்? வேலுத்தாயி மறுபடி ஏமாத்திட்டா, என் கொட்டையத் தன் வெலைக்கு வித்துட்டான்னுதான நெனைக்கும்? நான் ஏமாத்தலன்னு எதக் காட்டி நிரூபிக்க? அதுக்குத்தான் அதோட மீதிக் கொட்டைய எடுத்துட்டு வந்து காட்டலாம்னு இருந்தேன். மொச்சை மீதின்னா புளியங்கொட்டை போட்டாச்சு, பச்சப் புள்ளைக்கும் தெரியும். ஆனா இந்தத் தடவ சங்கத்துல உசாராயிட்டாக. மீதிய எல்லாம் இன்னொரு குடத்துல போட்டுட்டுத்தான் வெளிய வரணும்னுட்டாக. அண்ணே, ஒத்த மொச்சைய மட்டும் குடுங்கண்ணேன்னு கெஞ்சுனேன். போன தடவ வந்த சண்டையெல்லாம் அந்த மீதிக் கொட்டையாலதான வந்துச்சுன்னு தலைவரு பிடுங்கிப் போட்டுட்டாரு. பொய் சொன்னப்ப ஒட்டிக்கிட்டுக் கெடந்த கொட்டை, உண்மை சொல்றப்ப இல்லாமப் போச்சு.

இந்தா பாரு, உள்பையில. மொச்சைதான். இல்ல தாயி, இது அது இல்ல. பஸ் ஏறுறதுக்கு முன்னாடி பலசரக்குக் கடையில வாங்குனேன். ஒரு கொட்டைக்காக நூறு கிராம் வாங்குனேன். இதக் காட்டுனா அக்கா நம்பிரும். நான் போட்டதும் நெசந்தான. ஆனா மீதியக் குடத்துல போட்ட விசயம் அதோட மகளுக்குத் தெரிஞ்சிருந்தா? இது எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா? காட்டாமப் போனா மட்டும் என்ன, வெறும் வாயால சொன்னா நம்புமா? எஞ்சொல்ல நம்புன காலம் பொரட்டாசியோட போச்சு.

நீ சொல்லு. காட்டவா, வேணாமா? நீ படிச்ச புள்ள. எதாச்சும் ஒண்ணு சொல்லு, அதுக்குக் கட்டுப்பட்டுக்கிறேன்.

சரி, நீ என்ன செய்வ பாவம். இந்தா ஒன் பிளாஸ்க்கு. எந்திரி, ஆஸ்பத்திரி ஸ்டாப்பு வந்துருச்சு. ஒங்கப்பாவுக்கு ஒண்ணும் ஆகாது, தைரியமாப் போ. நானா? நீ மொதல்ல எறங்கு, பின்னாடி ஆளு நிக்குது பாரு.

கண்டக்டர் தம்பி, எனக்கு இன்னொரு டிக்கெட்டு கிழிப்பா. மொறைக்காத, பொம்பளைகளுக்கு ஃப்ரீதான. ரெண்டாவது தடவையா எறங்காமப் போறேன்னு எனக்கும் தெரியும். எங்கயா? கடேசி ஸ்டாப்பு வரைக்கும் போயிட்டு இதே பஸ்ஸு திரும்புதுல்ல. ஆஸ்பத்திரிக்குத்தான்.